கேட்கும் செவியும் ஓர் அழைப்பே: திருச்சபையில் ஆற்றுப்படுத்தும் பணி

இறையியல் பயிலும் மாணவரும், அருட்பொழிவு பெற்று ஓரிரு ஆண்டுகளே ஆன இளம் ஆயரும் நம்மிடம் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்றுண்டு. "அருளுரை ஆற்ற அழைப்புப் பெற்றவர் உளர், நற்செய்திப் பணிக்கு அழைப்புப் பெற்றவர் உளர். துன்புறுவோருக்கு ஆலோசனை கூறி, அவர்களை உடனிருந்து வழிநடத்தும் பணிக்கெனத் தனியே ஓர் அழைப்பு உண்டா? உண்டெனில் அதனை அறிவது எங்ஙனம்?" என்பதே அவ்வினா. இதற்கு நூல்களினின்று விடைகூற முயலலாம். ஆயினும் நமக்கு இவ்விடை முதலில் யானைக்கவுனியில், நம் தவறு ஒன்றின் வாயிலாகவே கிடைத்தது. எனவே அங்கிருந்தே தொடங்குகிறோம்.

1. சொல்லும் பொருளும்

ஆலோசனைப் பணியை 'ஆற்றுப்படுத்தல்' என வழங்கும் மரபு தமிழ் இறையியலாரிடையே உண்டு. இது ஆழ்ந்த பொருளுடைய சொல். ஆறு என்பது வழி. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகளாக அமைந்துள்ளன. வறுமையில் வாடும் பாணனை, பரிசில் பெற்று மீளும் மற்றொரு பாணன் வழியிற் கண்டு, தான் பெற்ற இடத்தையும் செல்ல வேண்டிய நெறியையும் கூறி அனுப்புவதே ஆற்றுப்படையின் பொது இலக்கணம். இங்கு இரண்டு செய்திகளைக் கருத வேண்டும். வழிகூறுபவன் அரசன் அல்லன். அவனும் நேற்றுவரை பசித்திருந்தவனே. அடுத்து, அவன் தன்னிடம் வா என்று அழைப்பதில்லை; தனக்கு அப்பால் உள்ள ஒருவரிடமே அனுப்புகிறான். திருச்சபையின் ஆற்றுப்படுத்தும் பணிக்கு இவ்விரண்டும் அடிப்படைகளாகும்.

மேலை நாட்டு அருட்பணி இயலாருள் சிவர்டு ஹில்ட்னர் 1958இல் வெளியிட்ட நூலில் மேய்ப்பனின் பணியைக் குணமாக்குதல், தாங்குதல், வழிநடத்துதல் என மூன்றாகப் பகுத்தார். 1964இல் கிளெப்ஷ், ஜேக்கிள் என்னும் இருவர் ஒப்புரவாக்குதல் என்பதை நான்காவதாகச் சேர்த்தனர். இந்நான்கனுள் நாம் பெரிதும் விரும்புவது வழிநடத்துதலே. ஏனெனில் அதில் நாம் பேசலாம். நம் மக்களுக்குப் பெரிதும் தேவைப்படுவதோ தாங்குதல். அதில் பேச்சுக்கு இடம் குறைவு.

2. யானைக்கவுனி

பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலக் கம்பெனியார் கறுப்பர் நகரத்தைச் சுற்றி எழுப்பிய மதிலின் வாயில்களுள் ஒன்று யானைக்கவுனி. மதில் பெரும்பாலும் மறைந்துவிட்டது. அதன் செலவுக்கென மக்கள்மீது விதிக்க எண்ணிய வரியின் பெயர் மட்டும் வால்டாக்ஸ் சாலை என நிலைத்திருக்கிறது. ஒருபுறம் சவுகார்ப்பேட்டையின் மொத்த வாணிகக் கடைகளும் நகைப்பட்டறைகளும் அடகுக் கடைகளும். மறுபுறம் மரவாடிகளும் லாரிப் பார்சல் அலுவலகங்களும் இருப்புப்பாதையும். இவற்றிற்கிடையே மூட்டை சுமப்போரும் மீன்பாடி வண்டி மிதிப்போரும் ஒற்றை அறைகளிற் குடும்பம் நடத்துகின்றனர்.

வடசென்னை உழைப்பாளரின் துயரத்திற்கு வரலாறு உண்டு. 1983இல் சென்னைத் துறைமுகத்தில் சரக்குப் பெட்டக முனையம் தொடங்கியது. பெட்டகங்கள் பெருகப் பெருகத் தோளால் சுமக்கும் வேலை குறைந்தது. பெரம்பூரில் 1918ஆம் ஆண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றக் காரணமாயிருந்த பின்னி ஆலை, 1996இல் மூடப்பட்டது. கால்வாய்க் கரைகளிலும் ஆற்றோரங்களிலும் வாழ்ந்த குடும்பங்கள் பல, நகரின் தென்கோடியிலுள்ள கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்திற்கும் அனுப்பப்பட்டன. வேலை போனவரும் அயலாரை இழந்தவரும் முதலில் நாடுவது மருத்துவரை அன்று. தண்டல்காரரை நாடுகின்றனர், மதுக்கடையை நாடுகின்றனர், சிலவேளை ஆலயத்தையும் நாடுகின்றனர்.

3. நம் தவறு

கீழ்க்காணும் நிகழ்ச்சியை உரியவர்களின் இசைவோடு, ஆளை அடையாளங்காட்டும் விவரங்களை மாற்றி எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை மாலை, இருபது வயதைச் சற்றே கடந்த இளைஞர் ஒருவர் ஆலய அலுவலகத்திற்கு வந்தார். மீன்பாடி வண்டியிற் சரக்கு ஏற்றிச் செல்பவர். தந்தையைக் குடிக்குப் பறிகொடுத்தவர். தண்டலுக்கு வாங்கிய கடனைப்பற்றி இரண்டு வாக்கியங்கள் பேசி நிறுத்தினார். நமக்கோ ஞாயிற்றுக்கிழமை அருளுரை முடியவில்லை. நிதிக்குழுவினர் வெளியே காத்திருந்தனர். அவர் நிறுத்திய இடத்தில் நாம் பேசத் தொடங்கினோம். உழைப்பைப்பற்றியும் சிக்கனத்தைப்பற்றியும் நம்பிக்கையைப்பற்றியும் நல்ல செய்திகளையே கூறினோம். தலைமேற் கைவைத்து மன்றாடி அனுப்பினோம். பத்து மணித்துளிகள்கூட ஆகவில்லை.

அன்றிரவே அவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். இறையருளாலும் மருத்துவர்களின் உழைப்பாலும் பிழைத்தார். மறுநாள் மருத்துவமனை வராந்தாவில் அவருடைய தாயார் நம்மைக் கண்டு கேட்டார்: "உங்களாண்ட வந்தானாமே ஐயா, இன்னா சொன்னான்?"

நம்மிடம் விடை இல்லை. நாம் அவரிடம் என்ன கூறினோம் என்பதை வரிபிறழாமல் ஒப்பிக்க நம்மால் முடிந்திருக்கும். அவர் என்ன கூற வந்தார் என்பதை நாம் அறியவில்லை.

அதனை அறிந்தவர் வேறொருவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற நம் சபையார் ஒருவர், யாரும் சொல்லாமலே மருத்துவமனைக்குச் சென்று அந்த இளைஞரின் அருகில் அமர்ந்தார். வீடு திரும்பிய பின்னும் மாலைதோறும் தேநீர்க் கடைப் பலகையில் அவருடன் அமர்ந்தார். பல வாரங்கள் பொதுவான பேச்சே நடந்ததாம். மூன்றாம் மாதத்தில் ஒருநாள் அவ்விளைஞர் வாய்திறந்தார். கடன் தொகை பெரிதன்று. தண்டல்காரர் தம் தாயைத் தெருவில் நிறுத்தி வைததைக் கண்டும் ஒன்றும் செய்ய இயலாது நின்றதே அவரை அழுத்தியது. நாம் சிக்கனத்தைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் சுமந்திருந்தது அவமானத்தை.

இப்பணியைப் பிறருக்கும் செய்யுமாறு அப்பெரியவரை வேண்டியபோது அவர், "எனக்குப் பேசத் தெரியாதே ஐயா" என்றார். அதனைத் தகுதிக் குறைவாகவே நாமும் முதலில் எண்ணினோம். அதுவே அவருடைய தகுதி என்பதை உணரச் சில நாள்கள் ஆயின.

4. ஓர் ஆயரின் பாடம்

இந்த உண்மையை நமக்கு முன்பே கற்ற ஆயர் ஒருவர் உளர். இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் குருவான சாட் வாரா, 1935இல் தம் பணியின் தொடக்கத்தில் நடத்திய முதல் அடக்க ஆராதனை, தற்கொலை செய்துகொண்ட ஒரு சிறுமிக்குரியது. பூப்பெய்தியதன் அடையாளத்தைக் கொடிய நோயென்று அஞ்சி, கேட்டறிய ஒருவரும் இன்றி அச்சிறுமி இறந்தாள். அந்தக் கல்லறையை அவர் மறக்கவில்லை. 1953ஆம் ஆண்டு நவம்பரில், இலண்டன் நகரில் தமது ஆலயத்தில், உயிரை வெறுத்தவர்கள் தொலைபேசியில் அழைக்கவும் நேரில் வரவும் வழிசெய்தார். அதுவே சமாரியர் இயக்கத்தின் தொடக்கம்.

வாரா, ஆலோசனை கூறுபவர் தாமே என்று எண்ணியிருந்தார். வந்தவர்கள் காத்திருக்கும்போது அவர்களுக்குத் தேநீர் கொடுத்து உடனிருக்கச் சில தன்னார்வலரை அமர்த்தினார். நாளடைவில் அவர் கண்டது வியப்புக்குரியது. காத்திருந்தோரில் பலர் அத்தன்னார்வலரிடம் தம் பாரத்தை இறக்கிவைத்து, குருவைக் காணும் தேவையின்றியே அமைதியுடன் திரும்பினர். அவர் இதனைத் தமக்கு நேர்ந்த குறையாகக் கொள்ளவில்லை. 1954ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கேட்கும் பணியை அவர்களிடமே ஒப்படைத்தார்; அவர்களைத் தேர்ந்து பழக்கித் தாங்குவதைத் தம் பணியாகக் கொண்டார்.

அந்த இயக்கத்தின் வழியைக் கண்டறிந்து, 1986ஆம் ஆண்டு சென்னையில் மனநல மருத்துவர் இலட்சுமி விஜயகுமார் தொடங்கியதே 'சிநேகா' என்னும் தற்கொலைத் தடுப்பு அமைப்பு. அது சமயச் சார்பற்றது. பயிற்சி பெற்ற தன்னார்வலரால் நடைபெறுவது. ஓர் ஆலயத்தில் தோன்றிய பணி நம் நகருக்கு ஒரு மருத்துவரின் கையால் வந்து சேர்ந்தது. பக்கத்தில் இருந்த நாம் அதனைக் கற்காமல் இருந்தோம் என்பது நம் திருச்சபைகள் சிந்திக்க வேண்டிய செய்தி.

5. திருமறையின் ஒளியில்

அழைப்பைப்பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் சாமுவேலை நினைக்கிறோம். 1 சாமுவேல் மூன்றாம் அதிகாரத்தில் ஏலியையும் நோக்குதல் வேண்டும். கண் மங்கிய முதியவர். தம் புதல்வரைத் திருத்தத் தவறியவர். சிறுவன் மூன்று முறை ஓடிவந்தும், முதல் இரு முறை அவருக்கு விளங்கவில்லை. மூன்றாம் முறை, சிறுவனை அழைப்பவர் ஆண்டவர் என உணர்ந்து, விடைகூறும் முறையைக் கற்பித்துத் திரும்பவும் படுக்கைக்கு அனுப்புகிறார். சிறுவனுக்கு வரும் செய்தியோ ஏலியின் குடும்பத்திற்கே எதிரானது. அதனையும் மறைக்காது கூறச்செய்து ஏற்றுக்கொள்கிறார். வழித்துணையாவோனின் பணி இதுவே: குரல் நம்முடையதன்று, அதனை மற்றவர் கண்டுகொள்ள உதவி, நாம் விலகி நிற்றல்.

பர்னபாவும் அத்தகையவர். எருசலேம் அஞ்சிய சவுலை அழைத்துச் சென்று அப்போஸ்தலரிடம் சேர்த்தார் (அப். 9:26-27). பின்னர்த் தர்சுவுக்குத் தேடிச்சென்று அந்தியோகியாவுக்கு அழைத்துவந்தார் (அப். 11:25-26). இடையில் விட்டுச்சென்ற யோவான் மாற்குவின் பொருட்டுப் பவுலோடு முரண்படவும் தயங்கவில்லை (அப். 15:37-39). அதே மாற்கு தமக்குப் பயனுள்ளவர் எனப் பவுலே பிற்காலத்தில் எழுதினார் (2 தீமோ. 4:11). தவறியவரோடு ஆண்டுக்கணக்கில் உடனிருப்பவருக்கே இத்தகைய கனி கிட்டும்.

யோபுவின் நண்பர் மூவரும் ஏழு நாள் வாய்திறவாது அவரோடு தரையில் அமர்ந்திருந்தவரை நல்ல ஆலோசகராகவே இருந்தனர் (யோபு 2:13). அவர்கள் பேசத் தொடங்கியபின்தான் துன்பம் பெருகியது. சாக விரும்பிய எலியாவுக்கு முதலிற் கிடைத்தவை உறக்கமும் அப்பமும் தண்ணீருமே, உபதேசம் பின்னர் வந்தது (1 இராஜா. 19:4-8).

6. அழைப்பின் அடையாளங்கள்

எனவே, நம்மிடமோ நம் சபையாரிடமோ இவ்வழைப்பு உண்டா என்பதைச் சோதித்தறியச் சில அடையாளங்களைக் கூறலாம்.

முதலாவது, மக்கள் தாமாக இரண்டாம் முறை வருகின்றனரா என்று பார்க்க வேண்டும். முதல் முறை நம் பதவியைக் கருதி வருவர். இரண்டாம் முறை நம் செவியைக் கருதி வருவர். நமக்கு ஆர்வம் உண்டென்பது மட்டும் அழைப்பாகாது. சபையின் அனுபவம் அதனை உறுதிப்படுத்த வேண்டும்.

இரண்டாவது, கேட்ட செய்தி நம்மோடு தங்குகிறதா என்பது. பெயரை மறைத்து அருளுரையில் எடுத்துக்காட்டாகக் கூறினாலும், குறுகிய சந்துகளில் வாழும் சபையார்க்கு அது யார் என்பது ஆராதனை முடியுமுன் தெரிந்துவிடும். மன்றாட்டுக் குறிப்பென்ற பெயரில் பரவும் புறங்கூற்றும் உண்டு.

மூன்றாவது, மௌனத்தைத் தாங்க முடிகிறதா என்பது. எதிரிலிருப்பவர் நிறுத்தும்போது நம் நாவு தானே அசைகிறதெனில், அவருடைய துயரைவிட நம் பதற்றத்தையே நாம் ஆற்றுகிறோம்.

நான்காவது, மனிதரைப் படிக்கும் பொறுமை உண்டா என்பது. மனநோயால் மருத்துவமனையில் இருந்து மீண்ட அமெரிக்க ஆயரான ஆன்டன் பாய்சன், 1925இல் இறையியல் மாணவரை ஊஸ்டர் அரசு மனநல மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று பயிற்றுவித்தார். நூல்களைக் கற்கும் அதே கூர்மையுடன் துன்புறும் மனிதரையும் கற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. எபிரெயச் சொல்லின் வேர் காண நாள் முழுதும் செலவிடும் மாணவர், ஒரு தாயின் ஒற்றை வாக்கியத்தின் வேர் காண ஒரு மணி நேரம் தரமாட்டாரெனில், அவர் கல்வி முழுமை பெறவில்லை.

ஐந்தாவது, நமக்கென ஒருவர் உளரா என்பது. தம் பாரத்தை எவரிடமும் இறக்காதவர் பிறர் பாரத்தை நெடுநாள் சுமக்க இயலாது.

7. எல்லைகள்

அன்பு எல்லையற்றது, ஆனால் அன்பின் பணியாளருக்கு எல்லைகள் தேவை. மேற்கூறிய பெரியவர், இரக்கத்தால் மற்றோர் இளைஞரின் கடனுக்குப் பிணையாகக் கையொப்பமிட்டு, தம் ஓய்வூதியத்திலிருந்து பல மாதங்கள் கட்ட நேர்ந்தது. அவரை முன்னரே எச்சரிக்காதது நம் குறையே. திருமறையை மொழிபெயர்த்த பெரியாரும் வேப்பேரி மிஷனின் மேய்ப்பருமான பிலிப்பு பப்ரீஷியஸ், பிறர் நம்பி ஒப்படைத்த பணம் வட்டிக்குக் கொடுக்கப்பட்டுத் திரும்பாமற்போகவே, முதுமையிற் கடனுக்காகச் சிறைசெல்ல நேர்ந்ததை நாம் மறத்தல் கூடாது. பணத்தையும் ஆற்றுப்படுத்தலையும் ஒரே கையால் கையாளலாகாது. கடன் தொல்லைக்கு 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதிவட்டித் தடைச் சட்டம் உள்ளது; அதனை அறிந்தவரிடம் அனுப்புதலே ஆற்றுப்படுத்தல்.

நோயையும் பாவத்தையும் குழப்பலாகாது. உறக்கமின்மை, காரணமற்ற அச்சம், பிறர் கேளாத குரல்களைக் கேட்டல் முதலியவற்றை வெறும் மன்றாட்டால் தீர்க்க முயன்று, மருந்தை நிறுத்தச் சொல்லுவது பெருங்கேடு. 1794இல் தொடங்கிய வரலாற்றையுடைய கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை நம் அருகிலேயே உள்ளது. குடிநோய்க்கு, சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் நிறுவனத்தின் மருத்துவமனை உள்ளது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் இலவச மனநலத் தொலைபேசி எண் 14416. இவற்றை ஆயர் மனப்பாடமாகவே அறிந்திருத்தல் நன்று. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்பதும் கடமை. கேட்பதால் அவ்வெண்ணம் விதைக்கப்படுவதில்லை. பலருக்கு அக்கேள்வியே முதல் ஆறுதல்.

சட்டத்தையும் அறிதல் வேண்டும். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கலாகாது என்பது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் நிலைப்பாடு. சட்டமே இரங்கும்போது, அத்தகைய குடும்பங்களைச் சபை ஒதுக்கிவைப்பது முறையோ? மறுபுறம், குழந்தைகள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாவதை அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவித்தல் வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். இதில் ஆயருக்கு விலக்கில்லை. இரகசியம் காப்பதாக வாக்களிக்குமுன், உயிருக்கோ குழந்தைக்கோ ஆபத்து உண்டெனில் வாக்கைக் காக்க இயலாது எனத் தெளிவாகக் கூறிவிட வேண்டும்.

8. சபையிற் செய்யத்தக்கவை

பெருந்திட்டங்கள் தேவையில்லை. ஆயர் தம் சபையில் இயல்பாகவே மக்கள் தேடிச்செல்லும் நால்வரை ஓராண்டு கவனித்துக் கண்டறியலாம். அவர்களுள் பெண்கள் இருத்தல் இன்றியமையாதது. பெண்களின் துயரைப் பெண்களே கேட்பது நம் சூழலிற் பொருந்தும். ஆலோசனை மையங்களிலும் இறையியற் கல்லூரிகளிலும் நடைபெறும் குறுகிய காலப் பயிற்சிகளுக்கு அவர்களை அனுப்பலாம். சந்திக்கும் இடம் பிறர் பார்வைக்குத் தெரிவதாகவும், பேச்சு பிறர் செவிக்கு எட்டாததாகவும் அமைதல் வேண்டும். திங்களுக்கு ஒருமுறை அவர்கள் கூடி, பெயர் குறிப்பிடாது தங்கள் தடுமாற்றங்களைப் பகிர்ந்துகொள்ள, அனுபவமிக்க ஒருவர் துணைநிற்க வேண்டும். திடப்படுத்தல் பெறும் இளைஞர் ஒவ்வொருவருக்கும் வயதில் மூத்த ஒருவர் வழித்துணையாக அமையலாம். நெருக்கடி வந்தபின் தேடுவது ஆலோசனை. நெருக்கடிக்கு முன்பே உடனிருப்பது வழித்துணைமை. பின்னது இருக்குமிடத்தில் முன்னதன் சுமை குறையும்.

முடிவுரை

ஆகவே, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு நம் விடை இதுவே. ஆற்றுப்படுத்தும் பணிக்கு அழைப்பு உண்டு. ஆனால் அது நாவன்மை பெற்றவரிடமோ பட்டம் பெற்றவரிடமோ இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. அது நம்மிடம் இருப்பின், செவியாற் சோதித்து அறிவோம். வேறொருவரிடம் இருப்பின், ஏலியைப்போல் அதனைக் கண்டு பெயரிட்டு இடங்கொடுப்பதே நமக்குரிய அழைப்பாகும். அதுவும் சிறிய அழைப்பன்று.

அந்த இளைஞர் இன்றும் வண்டி மிதிக்கிறார். கடன் முற்றும் தீரவில்லை. ஞாயிறுதோறும் ஆராதனைக்கு வருகிறார் என்றும் கூற இயலாது. ஆயினும் தேநீர்க் கடைப் பலகையில், அவருக்கும் பெரியவருக்கும் இடையே, இப்பொழுது மூன்றாவதாக ஒரு சிறுவன் அமர்ந்திருப்பதைக் காண்கிறோம். அவனை அங்கே அழைத்து வந்தவர் அந்த இளைஞரே. அவன் என்ன கூறுகிறான் என்பது நமக்குத் தெரியாது. இம்முறை அது நமக்குத் தெரியவேண்டிய தேவையும் இல்லை.